இரண்டாவது திரையில் மட்டும் ஏன் ஜெர்க்? – எடிட்டிங் கேள்வி பதில்

எடிட்டிங்குக்கு இரண்டாவது மானிட்டர் வைத்துக்கொள்வது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், தாராவியில் ஆரம்பித்து டோம்பிவிலி வரை எல்லோரும் ஒரே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். மானிட்டர் வாங்கியாச்சு, மாட்டியாச்சு, வீடியோதான் ஒழுங்காக ஓடவில்லை. சரி, இந்தத் தடவை மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், இதையே பார்த்துவிடலாம்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுத்து எடிட்டும் நானே செய்கிறேன். லேப்டாப்பில் பிரீமியர் புரோ. கஸ்டமர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்குமே என்று 27 இஞ்ச் 4கே மானிட்டர் வாங்கி, யூஎஸ்பி-சி ஹப் வழியாக மாட்டியிருக்கிறேன். லேப்டாப் திரையில் சுமாராக ஓடுகிற அதே காட்சி மானிட்டரில் தத்தித் தத்திப் போகிறது. ஜிம்பலில் மண்டபத்தைச் சுற்றி வருகிற ஷாட் வந்தால் கண்ணே வலிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு பெரிதாக உள்ள வேறு லேப்டாப் வாங்கு என்கிறார் கடைக்காரர். வாங்கித்தான் ஆக வேண்டுமா அண்ணா?
– வாசகர், தாராவி

பதில்: இப்போதைக்கு பர்ஸை உள்ளே வையுங்கள் தம்பி. உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது, அது அந்த ஹப். அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். திரையில் ஜெர்க் தெரிவதற்கு முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் உண்டு. கம்ப்யூட்டரால் ஃபிரேம்களை, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வருகிற தனித்தனிப் படங்களை, நேரத்துக்குத் தயார் செய்ய முடியாமல் போவது ஒன்று. ஃபிரேம்கள் நேரத்துக்கு வந்துவிட்டாலும் திரைக்குப் போகிற வழியில் அவற்றின் தாளம் கெடுவது இன்னொன்று. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் வகைக்குத்தான் புது லேப்டாப் உதவும், இரண்டாவது வகையில் எத்தனை லட்சம் கொட்டினாலும் அதே ஜெர்க்தான்.

எந்த வகை என்று பிரீமியரே சொல்லிவிடும். பிரீமியருக்குள் படம் ஓடுகிற ஜன்னலுக்குப் புரோகிராம் மானிட்டர் என்று பெயர், அதற்குக் கீழே ஸ்பேனர் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதை அழுத்தி 'ஷோ டிராப்டு ஃபிரேம் இண்டிகேட்டர்' என்பதை ஆன் செய்யுங்கள். ஒரு சின்னப் பச்சைப் புள்ளி வரும். ஓடும்போது ஃபிரேம் தவறினால் அது மஞ்சளாகிவிடும், மவுஸை அதன் மேல் வைத்தால் எத்தனை ஃபிரேம் தவறியது என்ற கணக்கும் வரும். அந்த மண்டபத்து ஷாட்டை ஓட்டிப் பாருங்கள். மானிட்டரில் ஜெர்க் தெரிகிறது, புள்ளி பச்சையாகவே இருக்கிறது என்றால் லேப்டாப் மேல் தப்பில்லை.

அடுத்தது ஹப். விலை குறைந்த யூஎஸ்பி-சி ஹப் பலவற்றில் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது திரை நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படும். பெட்டியில் '4கே' என்பது பெரிய எழுத்திலும் '30 ஹெர்ட்ஸ்' என்பது எறும்பு எழுத்திலும் இருக்கும். ஹெச்டிஎம்ஐ 1.4 தரத்திலும் இதே கதைதான், 4கே-யில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2.0 தேவை. நம்மூர் கல்யாண வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 25 ஃபிரேம். 30 இடத்தில் 25 ஃபிரேமை உட்கார வைத்தால் மிச்சம் ஐந்து இடத்துக்கு என்ன செய்யும்? நொடிக்கு ஐந்து தடவை ஏதாவது ஒரு ஃபிரேமை இரண்டு மடங்கு நேரம் பிடித்து வைக்கும். கேமரா நகராத ஷாட்டில், தாலி கட்டும்போது குளோசப்பில், இது தெரியவே தெரியாது. கேமரா பக்கவாட்டில் நகர்ந்ததும் தூண்களும் தோரணமும் தத்த ஆரம்பிக்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். மவுஸ் அம்புக்குறியை அந்த மானிட்டரில் வேகமாக வட்டம் போடுங்கள். லேப்டாப் திரையில் வழுக்கிக்கொண்டு போகிற அம்பு அங்கே விட்டு விட்டுப் போனால் அது 30 ஹெர்ட்ஸ்தான். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் எண்ணாகவே காட்டும்.

லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ துளை தனியாக இருந்தால் ஹப்பைக் கழற்றிவிட்டு நேராக அதில் செருகுங்கள். இல்லையென்றால் அதே ஹப்பிலேயே மானிட்டரை 1080-க்கு இறக்குங்கள், 60 ஹெர்ட்ஸ் வந்துவிடும். கஸ்டமருக்கு 4கே-யா 1080-யா என்று தெரியப் போவதில்லை, ஜெர்க் இருந்தால் மட்டும் உடனே தெரிந்துவிடும்.

60 வந்ததும் முக்கால்வாசி ஜெர்க் போய்விடும், முழுதாகப் போகாது. காரணம், 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. திரையால் ஒரு ஃபிரேமை 2.4 தடவை காட்ட முடியாது, அதனால் சில ஃபிரேமை இரண்டு தடவையும் சிலதை மூன்று தடவையும் காட்டிச் சமாளிக்கும். மிருதங்கக்காரர் நடுநடுவே அரை அட்சரம் இழுத்தால் ஆடுகிறவர் கால் எப்படித் தடுமாறுமோ அப்படித்தான் இது. அதே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். 50-ல் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு தடவை. 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் மூன்று தடவை, 100 என்றால் நான்கு, எல்லாம் பிசிறில்லாமல் வகுபடும். வேடிக்கை என்னவென்றால் விளையாடுகிறவர்களுக்கென்று கூடுதல் காசுக்கு விற்கிற 144 ஹெர்ட்ஸ் 24 ஃபிரேம் படத்துக்குக் கச்சிதம், நம் 25-க்கு வகுபடாது. 120-ம் அப்படியே, 24-க்கும் 30-க்கும் சரி, 25-க்கு ஆகாது. மானிட்டர் வாங்குகிறவர்கள் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல் தங்கள் டைம்லைன் நொடிக்கு எத்தனை ஃபிரேமோ அந்த எண்ணால் ஒரு தடவை வகுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் போனை வைத்தே பார்த்துவிடலாம். டைம்லைனில் ஃபிரேம் எண் பெரிதாக ஓடும்படி டைம்கோடு எஃபெக்ட் ஒன்றைப் போட்டு, மானிட்டரில் ஓடவிட்டு, போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் அந்தத் திரையைப் படம் பிடியுங்கள். அப்புறம் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு எண் எட்டு போன் ஃபிரேம் நிற்கும், இன்னொன்று பன்னிரண்டு நிற்கும். 50-க்கு மாற்றியதும் எல்லாமே ஒன்பது அல்லது பத்து என்று ஆகிவிடும். ஏதாவது ஒரு எண் வராமலே தாவிப் போனால்தான் லேப்டாப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று, பலரும் புரோகிராம் மானிட்டர் ஜன்னலை இழுத்துக்கொண்டு போய் இரண்டாவது திரையில் பெரிதாக்கி வைக்கிறார்கள். அதற்குப் பதில் பிரிஃபரன்சஸ் போய் பிளேபேக் பகுதியில் 'மெர்குரி டிரான்ஸ்மிட்' என்பதை ஆன் செய்து, கீழே பட்டியலில் உங்கள் மானிட்டரை டிக் செய்யுங்கள். படம் மட்டும் முழுத்திரையில் போகும், பட்டன் கிட்டன் எதுவும் தெரியாது. பிரீமியருக்குப் பதில் ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்கள் வொர்க்ஸ்பேஸ் மெனுவில் 'வீடியோ கிளீன் ஃபீட்' தேடுங்கள். அங்கே ஃபிரேம் தவறுவதைப் பார்க்கத் தனியாக எதையும் ஆன் செய்ய வேண்டாம், வியூவர் மேலே ஓடுகிற எண்ணின் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி சிவப்பாகிவிடும்.

கேள்வி: புள்ளி மஞ்சளாகிறது என்பது இல்லை சார், மஞ்சளாகவே இருக்கிறது. புதுக் கேமரா, 10 பிட் 4:2:2, ஹெச்.265. பிளேபேக் ரெசல்யூஷனை கால்வாசிக்கு இறக்கியும் மூன்று கேமரா மல்டிகேம் நகர மாட்டேன் என்கிறது. மானிட்டரைக் கழற்றினாலும் அப்படியேதான்.
– வாசகர், செம்பூர்

பதில்: உங்களுடையது முதல் வகை, அசல் சுமை. மானிட்டரை விட்டுவிடுங்கள், அது பாவம்.

ஹெச்.264, ஹெச்.265 எல்லாம் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பெரும்பாலான ஃபிரேமை முழுதாக எழுதாமல் 'முந்தினதிலிருந்து இவ்வளவு மாற்றம்' என்று மட்டும் எழுதி வைப்பவை. படமாக ஓட்டினால் பிரச்சினை இல்லை. எடிட்டிங்கில் நீங்கள் நடுவில் குதிக்கிறீர்கள், பின்னால் ஓட்டுகிறீர்கள், ஒரு ஷாட்டிலிருந்து இன்னொரு ஷாட்டுக்குத் தாவுகிறீர்கள். ஒரு ஃபிரேமைக் காட்ட அதற்கு முன்னால் உள்ள பல ஃபிரேமைப் பிரிக்க வேண்டியிருக்கும், மூன்று கேமரா என்றால் மூன்று மடங்கு வேலை. பிளேபேக் ரெசல்யூஷனைக் குறைத்தால் எஃபெக்ட், கலர் வேலை குறையும், இந்தப் பிரிக்கிற வேலை அவ்வளவாகக் குறையாது. அதனால்தான் கால்வாசிக்கு இறக்கியும் பலனில்லை.

கிராபிக்ஸ் கார்டில் இதற்கென்று தனிச் சுற்று உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் கலர் விவரத்தைக் கூடுதலாகப் பதிவு செய்கிற அந்த 4:2:2 என்பதில்தான் சிக்கல். என்விடியா கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2-வைப் பிரிக்கும் வசதி வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு பெரிதானாலும் இந்த வேலை சிபியூ தலையில்தான் விழும். இன்டெல் 11-ம் தலைமுறை முதல் உள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் ஹெச்.265 4:2:2-வைப் பிரித்துவிடும், ஆப்பிளின் எம்1 முதல் வந்த மேக்குகளும் அப்படியே. பெரிய கார்டு போட்டவன் திணற, பக்கத்து மேஜையில் சாதாரண மேக்புக் ஏர் ஜம்மென்று ஓட்டுகிற அதிசயத்துக்கு இதுதான் காரணம்.

மருந்து பிராக்ஸி, அதாவது எடிட் செய்யும்போது மட்டும் அசலுக்குப் பதிலாக ஓட்டுகிற இலேசான நகல். கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து பிராக்ஸி, கிரியேட் பிராக்ஸிஸ் என்று போய் புரோரெஸ் பிராக்ஸி வகையைக் கொடுங்கள். புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கும், எங்கே குதித்தாலும் உடனே வரும். 1080, 25 ஃபிரேமில் நொடிக்கு சுமார் 38 மெகாபிட், அதாவது ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு 17 ஜிபி போல. மூன்று கேமரா சேர்ந்தாலும் நொடிக்கு 15 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கே போதும். ராத்திரி படுக்கும்போது ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது பிரீமியர் அசல் ஃபைலைத்தான் எடுக்கும், பயம் வேண்டாம். ஃபோகஸ் சரியா என்று பார்க்கவும் கலர் பார்க்கவும் மட்டும் பிராக்ஸி பட்டனை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் மணப்பெண் முகத்தில் இல்லாத மங்கலுக்கு மருந்து தேடிக்கொண்டிருப்பீர்கள்.

லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரை மாட்டியே வேலை செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகள் சிபியூ, கிராபிக்ஸ் இரண்டின் வேகத்தையும் குறைத்துவிடும். நம் மே மாத மும்பையில், ஏசி இல்லாத பத்துக்குப் பத்து அறையில், சூடேறினாலும் அதே மாதிரி வேகம் குறையும்.

கேள்வி: டெஸ்க்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் இருக்கிறது. ஆனாலும் இழுக்கிறது. என்ன பார்க்கலாம்?
– வாசகர், வாஷி

பதில்: சிபியூ பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மேலே மதர்போர்டில், யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறதா? அப்படியென்றால் கார்டில் தயாராகும் படம் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. கீழே படுக்கைவசத்தில் உள்ள கார்டின் துளையில் செருகுங்கள். கேபிளை மாற்றிய பிறகும் இழுத்தால் முந்தின இரண்டு பதிலையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: அந்தேரியில் ஒரு ஸ்டுடியோவில் உதவி எடிட்டராக இருக்கிறேன். டைரக்டர் சோபாவில் உட்கார்ந்து 55 இஞ்ச் டிவியில்தான் பார்ப்பேன் என்கிறார். டிவியில் படம் வழவழவென்று சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது, உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். திட்டு எனக்கு விழுகிறது.
– வாசகர், வெர்சோவா

பதில்: டிவிக்காரர்கள் தாங்களாகவே நடுவில் புது ஃபிரேம்களைக் கற்பனை செய்து சொருகுகிறார்கள். மோஷன் என்ற சொல்லோ, ஸ்மூத், கிளியர், ஃப்ளோ மாதிரி ஏதாவதோ பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள். அந்த வழவழப்பைப் பார்த்துக் கட் முடிவு செய்தால் தியேட்டரில் வேறு படமாகத் தெரியும், இதை டைரக்டரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு கேம் மோடு போடுங்கள், டிவி உள்ளே படத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நேரம் வெகுவாகக் குறையும், உதடும் குரலும் கிட்டே வந்துவிடும். கேம் மோடில் கலர் மாறினால் தனியாகத் திருத்த வேண்டியிருக்கும், அது இன்னொரு நாள் கதை. அப்புறமும் கொஞ்சம் விலகல் மிச்சமிருந்தால் பிரீமியரில் அதே பிளேபேக் பக்கத்தில் வீடியோ டிவைஸுக்கு நேராக ஆஃப்செட் என்று மில்லி செகண்ட் கணக்கில் ஒரு கட்டம் உண்டு. கிளாப் அடிக்கிற ஷாட் ஒன்றை வைத்துக்கொண்டு, பலகை மூடுவதும் சத்தமும் சேரும் வரை எண்ணை மாற்றுங்கள். டிவியின் ஸ்பீக்கரிலேயே ஒலியையும் அனுப்பினால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது, ஸ்டுடியோ ஸ்பீக்கரை விட்டு டிவி ஸ்பீக்கரில் கேட்க டைரக்டர் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

கேள்வி: வயர் இல்லாமல் டிவிக்கு காஸ்ட் செய்து எடிட் செய்யலாமா?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: முடித்த படத்தை வீட்டாருக்குப் போட்டுக் காட்டலாம். எடிட்டுக்கு ஆகாது, நீங்கள் ஸ்பேஸ் பாரை அழுத்திய பிறகுதான் படம் யோசித்து நிற்கும்.

கேள்வி: பிரீமியரில் இருக்கும்போது மானிட்டரில் படம் வருகிறது, வாட்ஸ்அப் திறந்தால் கருப்பாகிவிடுகிறது. மானிட்டர் பழுதா?
– வாசகர், முலுண்ட்

பதில்: பழுதில்லை. பிளேபேக் பகுதியில் 'பின்னணியில் இருக்கும்போது வீடியோ அவுட்புட்டை நிறுத்து' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். கஸ்டமர் பக்கத்தில் இருக்கும்போது வாட்ஸ்அப் பார்ப்பதைத் தடுக்கிறதே என்று அப்படியே விட்டாலும் நல்லதுதான்.

கேள்வி: பெரிய ஸ்டுடியோக்களில் பிளாக்மேஜிக் பெட்டி வைத்திருக்கிறார்களே, நாமும் வாங்கினால் இந்தத் தலைவலியெல்லாம் தீருமா?
– வாசகர், சயான் கோலிவாடா

பதில்: இரண்டாவது வகைத் தலைவலி தீரும், முதல் வகை தீராது. பிளாக்மேஜிக்கின் டெக்லிங்க் கார்டோ அல்ட்ராஸ்டுடியோ பெட்டியோ படத்தைக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பாக அனுப்புவதில்லை. டைம்லைன் 25 என்றால் சிக்னலே 25 ஆகப் போகும், விண்டோஸோ மேக்கோ நடுவில் தாளத்திலும் கலரிலும் கை வைக்காது. 50 ஹெர்ட்ஸ் வைத்தாலும் எப்போதாவது ஒரு சின்னச் சறுக்கல் வரும், பெட்டி அதையும் இல்லாமல் செய்துவிடும். கலர் கிரேடிங் செய்து காசு வாங்குகிறவர்களுக்கு இது அவசியம் என்றே சொல்வேன், கல்யாண ஹைலைட்ஸுக்கு ஆடம்பரம்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். அல்ட்ராஸ்டுடியோ மானிட்டர் 3ஜி-க்குத் தண்டர்போல்ட் துளை வேண்டும், யூஎஸ்பி-சி வடிவத்தில் இருப்பதெல்லாம் தண்டர்போல்ட் இல்லை. அந்தப் பெட்டி தருவதும் 1080 வரைதான். இரண்டாவது, நொடிக்கு 25 என்று வருகிற சிக்னலைக் கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பல ஏற்றுக்கொள்ளாமல் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று முறைக்கும். டிவிகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கேள்வி: நீங்கள் போன இதழில் சொன்னபடி எல்லாம் செய்தேன். கேமரா ஷாட்டுகள் சரியாக ஓடுகின்றன, உறவினர்கள் போனில் எடுத்து அனுப்பிய ஷாட்டுகள் மட்டும் குதிக்கின்றன. எக்ஸ்போர்ட்டிலும் குதிக்கின்றன.
– வாசகர், மீரா ரோடு

பதில்: எக்ஸ்போர்ட்டிலும் குதித்தால் மானிட்டருக்கு அதில் பங்கே இல்லை. போன்கள் வழக்கமாக 30 ஃபிரேமில் எடுக்கும், 25 டைம்லைனில் போட்டால் நொடிக்கு ஐந்து ஃபிரேம் தூக்கியெறியப்படும். அது போதாதென்று, போனில் வேகம் நிலையாக இருப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் தானாகவே ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு உள்ளே எடுங்கள், ஏறி இறங்குவது நின்றுவிடும். 30-ஐ 25 ஆக்குவதில் உள்ள குதிப்பு முழுதாகப் போகாது. அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் உதவியாளரின் போனிலாவது 25 வையுங்கள், ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் ரெக்கார்ட் வீடியோ பக்கத்தில் பால் (PAL) ஃபார்மேட் என்பதை ஆன் செய்தால் 25 தெரியவரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேமில் ஷட்டர் நொடியில் 50-ல் ஒரு பங்கு வைத்தால் மண்டபத்து டியூப்லைட் பட்டை பட்டையாக ஓடுவதும் நின்றுவிடும்.

கேள்வி: இந்த ஞாயிறு ஊருக்கு ரயில் பிடிக்க வேண்டும், சனிக்கிழமை லேமிங்டன் ரோடு போய் மானிட்டருக்கு வேண்டிய சாமானெல்லாம் வாங்கிவிட நினைக்கிறேன். என்ன கேட்டு வாங்குவது?
– வாசகர், காட்கோபர்

பதில்: கிரான்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கும்போதே லேப்டாப்பும் கையில் இருக்கட்டும். ஹெச்டிஎம்ஐ கேபிள் என்றால் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்ற சான்று ஒட்டு உள்ளதாக, இரண்டு மீட்டருக்குள் வாங்குங்கள். 4கே 60-க்குச் சாதாரணக் கேபிள் ஐந்து மீட்டர் தாண்டினால் படம் விட்டுவிட்டு வர ஆரம்பிக்கும், அதற்கு மேல் நீளம் தேவைப்பட்டால் உள்ளே ஆப்டிகல் இழை உள்ள வகை கேளுங்கள். ஹப் வாங்கினால் 'இதில் 4கே 60 வருமா' என்று கேட்டுவிட்டு, கடை மானிட்டரில் மாட்டி, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 60 என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் ஹப்பே வேண்டாம், யூஎஸ்பி-சி-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒற்றைக் கேபிள் போதும், உங்கள் லேப்டாப்பின் அந்தத் துளை வீடியோ தரும் வகையாக இருக்க வேண்டும், அதையும் அங்கேயே செருகிப் பார்த்துவிடலாம். சார்ஜருடன் வந்த யூஎஸ்பி-சி கேபிளை நம்பிப் போகாதீர்கள், அவற்றில் பலதில் வீடியோவே போகாது.

'டிரைவர் போட்டால் சாதா யூஎஸ்பி-யிலேயே மானிட்டர் ஓடும்' என்று ஒரு அடாப்டரைக் காட்டுவார்கள். டிஸ்ப்ளேலிங்க் என்று பெயர் போட்டிருக்கும். எக்செல் ஷீட்டுக்கு அருமையான சாமான். வீடியோவுக்கு வேண்டாம், திரை முழுவதையும் சிபியூ அமுக்கி அமுக்கி யூஎஸ்பி வழியாக அனுப்புகிற வேலை அது, எடிட்டிங்குக்கு வேண்டிய சிபியூவை அதுவே தின்றுவிடும். பில் வாங்கும்போது மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.